மஞ்சளுக்கு மேல் போட்ட கோடு

எந்த வழியாக வந்தேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் தையல் கடைக் கதவில் "மூன்று வாரம் விடுமுறை" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு ஆடி மாதத்தில் புதுச்சேரிக்கு வந்தேன். தீபாவளித் துணி வரத்தொடங்கும் நேரத்தில் புத்தியுள்ள எந்தத் தையற்காரியும் கடையைப் பூட்டமாட்டாள். நான் பூட்டினேன், அக்காவுக்காக.

அக்கா பெயர் சரோஜா. இடது மார்பில் புற்றுநோய். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள், பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். மிச்சம் இருந்தது கதிர் வைத்தியம். மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். இதில் ஒரு சங்கடம். ஏற்றிய மருந்தில் அவளுடைய இதயம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது. இடது மார்புக்கு நேர் கீழேதான் இதயம் இருக்கிறது. மார்புக்குக் கொடுக்கிற கதிர் இதயத்தில் பட்டுவிடக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

நாங்கள் பிறந்தது மலேசியாவில். அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா அவளைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்த தன் அக்கா மகனுக்கே கட்டிக்கொடுத்தார். மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டினாள். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க எனக்கு, பொறுமை முழுக்க அவளுக்கு என்று அப்போதே பங்கு பிரித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கியதும் தோசையும் முதல்நாள் மீன் குழம்பும் வைத்தாள். காலையில் மீன் குழம்பா என்று கேட்க வாயெடுத்து, அதே வாயால் நான்கு தோசை தின்றேன். கிள்ளானில் எங்கள் பரோட்டாவான ரொட்டி சானாயை வைத்துக்கொண்டு பெருமை அடிப்பவள் நான். அந்தக் குழம்புக்கு முன்னால் அது நிற்காது. அக்கா இளைத்திருந்தாள். தலையில் முடி இரண்டு விரற்கடை வளர்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தாள். "பாக்கவே பயமா இருக்கா?" என்று கேட்டாள். "அழகா இருக்கே, வெட்டுக் கூலி மிச்சம்" என்றேன். சிரித்தாள்.

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயம். "நீ வந்துட்ட இல்ல, இனிமே எனக்குக் கவல இல்ல" என்று மருத்துவக் கோப்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நானும் பெரிய மனுஷியாட்டம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. கதிர் வைத்தியப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. படி இறங்க இறங்க வெயில் பின்வாங்கி, ஓர் ஈரக் குளிர் காலில் ஏறியது. மேலே இருந்த இரைச்சல் எதுவும் கீழே இல்லை. நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு கதவு. அதன் கனம் ஒரு முழம் இருக்கும். அது மூடும்போது சத்தமே வரவில்லை. இவ்வளவு பெரிய கதவு சத்தம் போட்டு மூடினால்தான் மனசுக்கு ஆறுதல்.

அக்காவை அழைத்துப்போக வந்தவன் தமிழரசன் என்ற டெக்னீஷியன், வீராம்பட்டினத்துக்காரன். அவன் ஒரு தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தான். வண்டியில் ஒரு பெண் படுத்திருந்தாள். தலை இல்லை, கை இல்லை, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. என் கை தானாக அக்காவின் கையைப் பிடித்துவிட்டது.

"பொம்மைதாங்க," என்றான். "காலையில மொதல்ல இதுக்கு மிஷின் வெச்சிப் பாப்போம். எல்லாம் சரியா இருந்தாதான் மனுஷங்களுக்கு."

என் கடையிலும் ஒரு பொம்மை இருக்கிறது, தலையும் கையும் இல்லாமல்தான். முப்பது வருடமாக அதற்கு ரவிக்கை போட்டுக் கழற்றுகிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. இதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். உடம்பை வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாக அரிந்து, திரும்ப அடுக்கி வைத்திருந்தார்கள். நடு நெஞ்சில் ஒரு கூட்டல் குறி, விலாவில் இரண்டு கூட்டல் குறி. அக்காவின் உடம்பிலும் அதே மூன்று இடத்தில் அதே குறிகள் மார்க்கரால் போடப்பட்டிருந்தன. சுவரிலிருந்து வரும் பச்சை வெளிச்சக் கோடுகள் அந்தக் குறிகளில் வந்து பொருந்தினால்தான் உடம்பு சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தக் குறிகள் அழியக் கூடாது, மார்பில் தண்ணீர் படக் கூடாது என்று நர்ஸ் நாலு தரம் சொன்னாள். போன மாதம் ஒருத்தி அழித்துக்கொண்டு வந்து, மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு என்று நாள் கணக்கில் தள்ளிப்போனதாம்.

காத்திருக்கும் இடத்தில் பிரெஞ்சு பேசுகிற ஒரு வயதான அம்மா இருந்தார். எல்லாரும் மதாம் என்றே கூப்பிட்டார்கள். பிரான்சில் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று நர்ஸைக் கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "சூடு இல்லப்பா. வலி இல்ல. எல்லாரும் என்னை விட்டுட்டு வெளிய ஓடிர்றாங்க. நான் மட்டும் உள்ள இருக்கேன். ஒண்ணு வருது, வேலையைப் பாத்துட்டுப் போவுது. கண்ணுக்குத் தெரியல." மதாம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா வெளியே வந்தபோது கேட்டேன், எப்படி இருந்தது என்று. "ஒண்ணுமே தெரியலடி. அதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போகிற வழியில் ஆட்டோ பஞ்சர். ஓட்டுநர் ஸ்டெப்னி இருக்கிறது என்றார், எடுத்துப் பார்த்தால் அதுவும் பஞ்சர். அஜந்தா சிக்னல் வெயிலில் அரைமணி நேரம் நின்றோம். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார். இவர், "இன்னாம்மா பண்றது, நானா குத்திக்கினேன்?" என்று எங்களையே கேட்டார். நியாயம்தான் என்று பட்டது.

புதன்கிழமை எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கயல்விழி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். டாக்டர் இல்லை. கதிர் எங்கே எவ்வளவு படவேண்டும் என்று அளந்து திட்டம் போடுகிறவர். அவரிடம் வாயைக் கொடுத்தேன். "நானும் அளவு எடுக்கிறவதான்மா, ரவிக்கைக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் கணினிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

திரையில் என் அக்கா. கழுத்திலிருந்து வயிறு வரை குறுக்கே அரிந்த படங்கள். சுட்டியை உருட்ட உருட்ட ஒரு வில்லை போய் அடுத்த வில்லை வந்தது. நுரையீரல் கறுப்பாக, எலும்பு வெள்ளையாக. நடுவே இளஞ்சிவப்பில் ஒரு கோடு வளைந்திருந்தது.

"இது உங்க அக்காவோட இதயம். ஒவ்வொரு படத்துலயும் நான்தான் சுத்தி வரைஞ்சேன்" என்றார் கயல்விழி, சட்டைக் கழுத்தைப் பற்றிப் பேசுவது போல.

எனக்கு என்னவோ போலிருந்தது. ஐம்பது வருடமாகத் தெரிந்த அக்கா. அவள் இதயத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. நேற்று வந்த இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது.

அவர் மூன்று படங்களை அடுத்தடுத்துக் காட்டினார். முழுக் கதிர் விழும் இடம் சிவப்பு, குறையக் குறைய மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம். முதல் படத்தில் மார்பை இரண்டு பக்கத்திலிருந்தும் உரசிப்போகிற மாதிரி கதிர். அக்கா சாதாரணமாக மூச்சு விடும்போது எடுத்தது. சிவப்பு மார்பை நிரப்பியிருந்தது, ஆனால் இதயத்தின் நுனியும் சிவப்புக்குள் இருந்தது. இரண்டாவதில் மிஷின் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து கதிர் விடும். சிவப்பு கச்சிதமாக மார்போடு நின்றது. ஆனால் நீலம் எங்கும் பரவியிருந்தது, நுரையீரலில், இதயத்தில், நல்ல மார்பில்.

"அளவு கரெக்டா இருக்கு, ஆனா ஊரெல்லாம் தெறிக்குது" என்றேன்.

"அதேதான். எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம். சிலருக்கு அதான் நல்லது. உங்க அக்காவுக்கு அந்தக் கொஞ்சமும் இதயத்துக்கு வேணாம்னு டாக்டர் சொல்றார்."

மூன்றாவது படம். மறுபடியும் இரண்டு பக்கக் கதிர்தான், ஆனால் அக்கா மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருக்கிறாள். நுரையீரல் உப்பி, இதயம் கீழே இறங்கி, மார்புச் சுவரை விட்டு உள்ளே தள்ளிப் போயிருந்தது. சிவப்புக்கும் இதயத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு வெற்றிடம், ஒரு விரல் அகலத்துக்கு. முதல் படத்தையும் இதையும் அவர் மாற்றி மாற்றிக் காட்டினார். ஒன்றில் இதயம் ஒதுங்கியது, அடுத்ததில் வந்து சிவப்போடு ஒட்டியது. திரைக்குள் ஓர் உயிர் பயந்து பயந்து எட்டிப்பார்ப்பது போல் இருந்தது.

"இந்த ஒரு விரல் எடம்தான் நமக்கு எல்லாமே," என்றார் கயல்விழி.

பிறகு தமிழரசன் மிஷினை இயக்கும் அறையில் பார்த்தேன். ஒரு திரையில் அக்கா தனியாக, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, யாரிடமோ சரணடைந்தவள் போலக் கிடந்தாள். வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி. அது ஏறி இறங்குவதை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு திரையில் அவள் மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கியது. உள்ளே வைத்த மைக் வழியாக அந்த மூச்சுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஆளை விட்டுப் பிரிந்து வந்த மூச்சு.

"மூச்ச இழுங்கம்மா... புடிச்சிக்கோங்க" என்றான் தமிழரசன். கோடு மேலே ஏறி, இரண்டு எல்லைக் கோடுகளுக்கு நடுவே போய், அசையாமல் நேராக நின்றது. மூச்சுச் சத்தம் அறுந்தது. அப்போதுதான் மிஷின் ஒரு பூச்சி மாதிரி ரீங்காரம் போட்டது. கோடு அந்த இடைவெளிக்குள் நின்றால் மட்டுமே கதிர் வரும், தாண்டினாலோ தாழ்ந்தாலோ தானே நின்றுவிடும் என்றார்கள். டி.வி. நாடகங்களில் நேர்கோடு வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே அதை வரவழைப்பதுதான் வைத்தியம். இருபது எண்ணுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி வெள்ளி. காலையில் குளியலறையிலிருந்து அக்கா கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். கழுத்து, மார்பு, விலா எல்லாம் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கை தன்னால போயிட்சிடி," என்றாள். "வெள்ளிக்கெழமன்னா மஞ்ச தேய்க்கிற கை. தண்ணி ஊத்தின அப்புறம்தான் ஞாபகம் வந்திச்சி."

மூன்று குறிகளும் போயே போய்விட்டன. தேய்ப்பது என்றால் அரைகுறையாகத் தேய்க்கிறவள் இல்லை அவள். மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், திட்டுவார்கள், தள்ளிப்போகும் என்று அழ ஆரம்பித்தாள்.

"இதுக்குப் போய் அழுவியா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

கோப்பில் ஒரு தாள் இருந்தது. பெண்ணுடம்பின் படம், மூன்று குறிகள், கழுத்துக் குழியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளவுகள். ஒரு தையற்காரிக்கு வேறென்ன வேண்டும்? மாமா கடையிலிருந்து அதே மாதிரி மார்க்கர் வாங்கி வந்தேன். அக்காவை ஜன்னல் பக்கம் நிமிர்ந்து நிற்க வைத்தேன். என் டேப்பை எடுத்து, கழுத்துக் குழியில் வைத்து, ஒரு நூல் பிசகாமல் மூன்று கூட்டல் குறியையும் மஞ்சளுக்கு மேல் போட்டேன். போட்டு முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. "அவங்க போட்டதை விட நேரா இருக்கு, பாரு" என்றேன். அக்கா குனிந்து பார்த்து, "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்று தமிழரசன் இல்லை. ஊரில் ஆடி வெள்ளித் திருவிழா, லீவு. அவனுக்குப் பதில் வேறொரு பெண் வந்து அக்காவை அழைத்துப் போனாள். கதவு சத்தமில்லாமல் மூடியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். சுவரோரம் தள்ளுவண்டியில் அந்தப் பொம்மை. மல்லாந்து கிடந்தது. அதன் மேல் கூட்டல் குறிகள். என் கடையில் இருக்கும் பொம்மை நிற்கும், இது படுத்திருக்கிறது என்று சும்மா ஓர் எண்ணம் வந்தது. அடுத்த நொடி எனக்கு உறைத்தது.

அந்தத் தாளில் இருந்த அளவு, அக்காவைப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்க வைத்து எடுத்தது. நான் அவளை நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு அளந்தேன். முப்பது வருடமாக நின்ற பெண்களை மட்டுமே அளந்த கை. கையைத் தூக்கினால் ரவிக்கையே எவ்வளவு மேலே ஏறும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பெண்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லி அக்குள் தைத்திருக்கிறேன். தோல் நகரும். மார்பு சாயும். ஒரு விரல், ஒன்றரை விரல். அந்த ஒரு விரல் இடம்தான் எல்லாமே என்று கயல்விழி படம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

எழுந்தேன். மிஷினை இயக்கும் அறைக் கதவைத் தட்டி, நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். பத்தடி தூரம். கால் போனது, வாய் வரவில்லை. மதாம் பார்த்துக்கொண்டிருந்தார், நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். "அளவு எடுக்கிறவ" என்று மூன்று நாளாக அலட்டிக்கொண்டவள், தப்பாகக் கோடு போட்டேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பி, படியேறி, மேலே கேன்டீனுக்குப் போய்விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். ஒரு டீ வாங்கினேன். அது ஆடை கட்டி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கியபோது அக்கா இன்னும் வரவில்லை. வழக்கமாகக் கால் மணி நேரம். அன்று முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது உதடு வறண்டிருந்தது. "பரவால்லம்மா, திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்று அந்தப் பெண் அவள் தோளைத் தட்டி அனுப்பினாள். ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். "வா போலாம்" என்றாள் அக்கா.

சனிக்கிழமை வஞ்சிரம் வறுத்தாள். என்னால் விழுங்க முடியவில்லை. அவள் நடந்தால், குனிந்தால், இருமினால், அவள் ரவிக்கையின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே, இதயத்தில் அந்தச் சிவப்பு பட்டுவிட்டதா? பட்டால் இன்றைக்குத் தெரியாதாம், பல வருடம் கழித்துத் தெரியுமாம். என் கை செய்த காரியம் அவளுக்குள் உட்கார்ந்து காத்திருக்கும். "இன்னாடி என் மாரையே பாக்கற?" என்றாள். "ரவிக்கை சரியா தைக்கலை உன் டெய்லர்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா, "சும்மா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காத, பிள்ளைச்சாவடி போயி கடலப் பாத்துட்டு வா" என்று ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டார். பாதி வழியில் அது நின்றுவிட்டது, மீதியை நடந்தேன். போயிருக்கவே வேண்டாம். அங்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. ஒரு வீட்டைப் பாதியாக அறுத்துத் தின்றிருந்தது. மீதிப் பாதி நின்றது. உள்ளறை நீலம், சமையலறை ரோஸ், ஆணியில் ஒரு காலண்டர். எதிர்ச் சுவர் இல்லை. கயல்விழியின் திரையில் பார்த்த என் அக்கா மாதிரியே இருந்தது.

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள். "எங்க வூடுதான். போன வருசம் அந்த ரோசுக்குள்ளதான் சோறாக்கினேன்" என்றாள்.

"முன்னாடியே தெரியலையா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா. மொதல்ல ஒரு வெரிசல் வந்திச்சி. சாணி வெச்சிப் பூசினோம். யாருகிட்டயும் சொல்லல."

அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. திரும்பி வந்து, நாளை காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நேராகக் கயல்விழியின் அறைக்குப் போனேன். அவரே முந்திக்கொண்டார்.

"வாங்கம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை உங்க அக்கா மூச்சே பிடிக்கல. பாருங்க."

திரையில் அன்றைய மூச்சுக் கோடு. ஏறும், எல்லையைத் தொடும், உடனே விழும். மறுபடி ஏறும், விழும். முக்கால் மணி நேரமும் அப்படியே.

"அப்ப கதிர்?"

"ஒரு துளி கூடப் போகல. கோடு நின்னாத்தானே பீம் வரும்."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் உருண்டு போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாம். போகத்தான் நினைத்தேன், அதை மறைப்பானேன்.

"களைப்பா இருக்கலாம், பயமா இருக்கலாம்," என்றார் கயல்விழி. "எப்படியும் நாள் தள்ளிப்போக விட முடியாது. டாக்டர்கிட்டப் பேசிட்டேன். இன்னையிலேர்ந்து மூச்சு பிடிக்காத திட்டத்துக்கே மாத்திடறோம்." அவர் முதல் படத்தைத் திறந்தார். சிவப்பு வந்தது. அதற்குள் இளஞ்சிவப்பு நுனி. "கொஞ்சம் இதயத்துல படும். வேற வழி இல்ல."

அந்த நுனியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், தாள், டேப், ஜன்னல் பக்கம் நிற்க வைத்தது, கேன்டீனுக்கு ஓடியது வரை. முடித்ததும் கயல்விழி, "அந்த அளவு படுத்துக்கிட்டு எடுத்ததும்மா" என்றார்.

"தெரியும். பெஞ்சுல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்பவே தட்டியிருக்கலாமே." கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் சுருக்கென்றது.

டாக்டரிடம் போனில் பேசினார். அக்காவைப் படுக்க வைத்து, படம் எடுத்து, பழைய ஸ்கேனோடு பொருத்தி, புதுக் குறிகள் போட்டார்கள். என்னுடையவை எல்லாம் ஒரு விரலுக்கு மேல் தள்ளியிருந்தன. மூச்சு பிடிக்கிற திட்டத்தையே இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், பிடிக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் கயல்விழி.

உடை மாற்றும் அறையில் அக்காவின் ஆஸ்பத்திரி அங்கியை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஏன் மூச்சுப் பிடிக்கலை? களைப்பா?"

"களப்பு இன்னா களப்பு." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மிஷினு மூஞ்சில கண்ணாடி இருக்குதுல்ல. அது பக்கவாட்டுல சாயறப்ப என் மாரு அதுல தெரியும். தெனம் மிஷினோட வெளக்கு வெளிச்சம் என் ஆபரேஷன் தையலுக்குக் கீழ வந்து நிக்கும். அன்னிக்கு மேல ஏறி நின்னிச்சி. நீ போட்டது தப்புன்னு தெரிஞ்சிச்சி. அதான் மூச்ச வுட்டுட்டேன்."

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"இன்னான்னு சொல்றது? மலேசியாலேர்ந்து வந்த என் தங்கச்சி தப்பா கோடு போட்டுட்டான்னா? ஒரு வாரமா எல்லாருகிட்டயும் அளவு அளவுன்னு பேசிக்கினு இருக்க. உன்ன இன்னான்னு நெனைப்பாங்க?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அவ்ளோ ஆசையாப் போட்ட."

என் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. "நான் இன்னைக்கு வந்து சொல்லலைன்னா?"

"இன்னிக்கும் புடிச்சிருக்க மாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

சாதாரணமாகச் சொன்னாள், குழம்புக்கு உப்புப் போதும் என்பது போல. அவளுக்கு என் மேல் இருப்பது பாசம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த மிஷினைப் பார்த்துக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. திட்டம் மாறப்போனது அவளுக்குத் தெரியாது; தலை குனிகிறவள் நானாக இருக்கக் கூடாது என்று, அவர்கள் விட்டிருந்தால் வைத்தியமே இல்லாமல் மூன்று வாரமும் படுத்து எழுந்து வந்திருப்பாள். பிறகு ஒரு நாள் செத்தும் போயிருப்பாள், வாயைத் திறக்காமல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். மதாம் இருந்தார். நர்ஸ் இருந்தாள். கதவருகே தமிழரசன் நின்றான். காத்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றேன். அந்த இடத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை எங்க அக்கா ஒடம்புல தப்பா கோடு போட்டது நான்தான். பெரிய டெய்லர்னு பீத்திக்கிட்டேன். எனக்கு அளவும் தெரியல, ஒண்ணும் தெரியல. அவ மேல எந்தத் தப்பும் இல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "போதுமா? இனிமே நீ காப்பாத்துறதுக்கு என் மானம்னு ஒண்ணும் மிச்சமில்ல. உள்ள போயி ஒழுங்கா மூச்சப் பிடி."

மதாம் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார்.

"சரிடி, கத்தாத," என்றாள் அக்கா. என் கையை விட்டுவிட்டுத் தமிழரசனோடு உள்ளே போனாள்.

கதவு மூடியது. அவன் தன் அறைக்குத் திரும்பி வந்து மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். நான் வாசலிலேயே நின்றேன், இந்தத் தடவை எங்கேயும் போகவில்லை. "மூச்ச இழுங்கம்மா" என்றான். ஸ்பீக்கரில் அக்கா மூச்சை இழுக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது. அதன் பிறகு மூச்சுச் சத்தம் இல்லை, மிஷினின் ரீங்காரம் மட்டும்தான் கேட்டது.